ஒருத்தர் வாசிக்க, ஊரே கேட்டது

“இப்பல்லாம் யாருங்க வாசிக்கா?” என்று அலுத்துக்கொள்ளாத ஆளை எங்கள் பக்கத்தில் பார்ப்பது அரிது. புத்தக விழா மேடையில் பேசுகிறவரும் சொல்கிறார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். எங்கள் ஊரான சங்கரன்கோவிலை வைத்து யோசித்தால் எனக்கு அந்த அலுப்பில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 18 பேர். 2011-ல் தமிழ்நாட்டில் 80 பேர். ரத வீதியில் பூ விற்கிற அம்மாவின் மடியில் போன் கிடக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் எதையோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய ஆச்சிக்கு ரேகை வைக்க மட்டுமே தெரிந்திருக்கும்.

எழுத்தைக் கண்ணால் பார்க்கிற கணக்கை எடுத்தால் ஊர் முன்னைவிட இப்போதுதான் அதிகம் வாசிக்கிறது. காணாமல் போனது சத்தம் போட்டு வாசிக்கிற பழக்கம். எழுத்துத் தெரிந்த ஒருத்தர் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களே, அது. ஆடித்தபசு, புற்று மண், பிரியாணி என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்கிற இந்த ஊர் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட ஊர்.

டீக்கடையிலிருந்தே தொடங்கலாம். பத்திரிகைக் கட்டு வந்து விழுந்ததும் கடைக்காரர் செய்கிற முதல் வேலை, அதைத் தாள் தாளாகப் பிரிப்பது. ஒரே பத்திரிகை நாலு பேர் கைக்குப் போய்விடும். ஆனால் தலைப்புப் பக்கம் மட்டும் எப்போதும் ஒரே ஆளிடம்தான் போகும். குரல் கனத்தவர், நிறுத்தி வாசிக்கத் தெரிந்தவர், எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தொண்டையைச் செருமினால் கடையில் பேச்சு அடங்கும். “என்னல போட்டிருக்கான்?” என்று பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு குரல் வரும். வாசிப்பு ஆரம்பமாகும். கொலைச் செய்தி என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை. விலைவாசி என்றால் நடுவிலேயே சண்டை. தனக்குப் பிடிக்காத கட்சியின் செய்தியை அவர் மெல்லத் தாண்டிப் போவதும், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பொடியன் பக்கத்தில் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, இத விட்டுட்டீங்க” என்று காட்டிக் கொடுப்பதும் நடக்கும்.

பத்திரிகைகளும் இதைத் தெரிந்துதான் எழுதின. 1942-ல் மதுரையில் தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், சனங்கள் பேசுகிற தமிழிலேயே எழுத வேண்டும் என்று தன் நிருபர்களுக்குப் பாடம் வைத்தவர். சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு. பண்டிதர்கள் அதைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: அந்த வாக்கியங்கள் வாய்விட்டு வாசிக்கத் தோதானவை. ஒரு மூச்சில் முடிந்துவிடும். கேட்கிறவனுக்கு முன்னால் சொன்னது மறப்பதற்குள் பயனிலை வந்துவிடும். 1951-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1957-ல் திருநெல்வேலிக்கு வந்த தினமலர் உள்ளூர்ச் செய்தியைக் கொண்டுவந்தபோது, வாசிக்கிற அண்ணாச்சிக்கு வேலை இன்னும் கூடிற்று. பக்கத்து ஊர்ப் பேர் வந்தால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் அல்லவா? 1960-ல் தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு இன்றும் முடியவில்லை. அதைப் படம் பார்த்துச் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இப்போது தாத்தாக்கள்.

இன்றைக்கும் டீக்கடையில் பத்திரிகை உண்டு. ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் வாசிக்கிறார்கள். மற்றவர்களுக்குப் போன். நாலு பேரும் ஒரே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாது.

இந்தக் கேட்கிற பழக்கம் பத்திரிகையோடு வந்ததல்ல, அதற்கும் வெகுநாள் முந்தியது. ராஜபாளையம் ரோட்டில் போனால் வருகிற கரிவலம்வந்தநல்லூரை அடுத்த சென்னிகுளம்தான் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். 1865-ல் பிறந்து 1891-ல் இறந்துவிட்டார். 26 வயது. உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய சிந்தை எழுத்துக்கூட்டி வாசித்தவர்களைக் காட்டிலும், காதால் கேட்டு வாயால் பாடிக் காவடி எடுத்துக்கொண்டு நடந்தவர்கள்தான் அதிகம்.

அதே கரிவலத்தில் வேறொன்றும் நடந்தது. அங்கே முன்பு இருந்த பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் அவர் காலத்துக்குப் பிறகு கோயில் வசம் வந்தன. ஏடு தேடி அலைந்த உ.வே.சா. அங்கே போய்க் கேட்டபோது, பழுதுபட்டுப் போன ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்றார்களாம். மனம் நொந்து அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏடுகளில் என்னென்ன இருந்தன என்று இனி யாரும் சொல்ல முடியாது. சென்னிகுளத்துச் சிந்துக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம், அது ஆயிரம் வாய்களில் இருந்தது.

சித்ரா பௌர்ணமிக்குக் கிராமத்துக் கோயில்களில் சித்திரபுத்திர நயினார் கதை வாசிப்பது நெல்லைச் சீமை வழக்கம். பெண்கள் விரதமிருந்து உட்கார்ந்து கேட்பார்கள். கதை முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புத்தகம் ஒன்றுதான் இருக்கும், வாசிக்கத் தெரிந்தவரும் ஊருக்கு ஒருத்தர் இரண்டு பேர்தான். ரத்தின நாயகர் கடை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் அந்த அளவு எழுத்தில் அச்சானதற்கு வயசானவர்களின் கண் பார்வை மட்டும் காரணமில்லை. அரிக்கேன் வெளிச்சத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் வாசிக்க அதுதான் வசதி.

படித்தவர்கள் மட்டும் இதற்கு விலக்காக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலியிலும் பிறகு குற்றாலத்திலும் நடத்திய வட்டத்தொட்டியில் நடந்தது இதே காரியம்தான். வக்கீல், அறநிலையத் துறை ஆணையராக இருந்தவர். கம்பன் பாட்டை அவர் வாய்விட்டுச் சொல்வார், திரும்பவும் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் கேட்டுக் கேட்டே அனுபவிப்பார்கள். உரை நூலை விரித்து வைத்துக்கொண்டு பதவுரை பார்க்கிற கூட்டமில்லை அது. இடைசெவலிலிருந்து அங்கே போய்வந்த கி. ராஜநாராயணன் பிற்பாடு எழுதிய நடையைப் பாருங்கள். கண்ணால் வாசித்தாலும் காதில்தான் விழும்.

வேலை செய்கிற இடத்தில் வாசிப்பது என்று ஒன்று இருந்தது. அதுதான் இந்த மாற்றத்தில் எனக்கு ரொம்பவும் முக்கியமாகப் படுகிறது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுகிற தொழிலாளிகள், தங்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிடுவார்கள். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். காலையில் பத்திரிகை, பிறகு நாவல், பிறகு கட்சிப் பிரசுரம். பள்ளிக்கூடம் போகாத ஒரு தலைமுறை அங்கே உட்கார்ந்து உலக அரசியல் படித்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இதற்கென்று ஆள் உண்டு. மேடை போட்டு உட்கார வைத்து, கூலியைத் தொழிலாளிகளே கொடுத்தார்கள். அலெக்சாந்தர் தூமாவின் நாவலை அவர்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டதால்தான் ஒரு சுருட்டுக்கே மான்டிகிறிஸ்டோ என்று பேர் வந்தது என்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பீடி கம்பெனிக் கூரைக்குள் நடப்பதில்லை, வீட்டுத் திண்ணையில் நடப்பது. ஆலங்குளம், தென்காசி, கடையநல்லூர் என்று எங்கே போனாலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கண்ணூர் அளவுக்குக் கூட்டமாக இல்லாவிட்டாலும் நாலு திண்ணை சேர்ந்தால் ஒரு வாசிப்புக் கூட்டம்தான். எட்டாவது வரை படித்த மருமகள் ராணியையோ குமுதத்தையோ எடுத்துத் தொடர்கதையை வாசிப்பாள். இலை வெட்டுகிற கை நிற்காது. கதாநாயகி அழுதால் திண்ணையில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். ‘தொடரும்’ என்று வந்ததும் மாமியார், “அந்த எழவெடுத்தவன் அடுத்த வாரம் என்ன செய்யப் போறானோ” என்று எழுத்தாளரையும் வில்லனையும் சேர்த்தே திட்டுவாள். அடுத்த வாரம் வரைக்கும் அந்தத் தெருவில் அதுதான் பேச்சு.

சங்கரன்கோவிலின் தொழில் தறி. கைத்தறி இருந்தவரை, குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறவர் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டே பேசலாம், பாடலாம், வானொலி கேட்கலாம். 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகு தறியடியில் ஒரு பெட்டியும் சேர்ந்துகொண்டது. தறிச் சத்தம் மனிதக் குரலை அமுக்காது. விசைத்தறி வந்ததும் அந்தப் பேச்சு அறுந்தது. ஒரு செட்டில் எட்டுத் தறி ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்கின்றன நம் தொழிற்சாலை விதிகள். தறிச் செட்டுக்குள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், அந்த வரம்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும். கூலி உயர்வுக்குப் போராட்டம் நடக்கும், விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் 2023-ல் 1000 ஆயிற்று, நூல் விலை ஏறும் இறங்கும். எல்லாம் செய்தியில் வரும். சத்தத்தில் செவி போனவர்களைப் பற்றி மட்டும் யாரும் கணக்கெடுத்து நான் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர்கள் சைகையிலேயே பேசிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். கைத்தறிக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குக் கூலி வயிற்றுக்கே போதாது. ஆனால் அன்றைக்கு வேலை செய்கிற இடத்தில் ஒரு மனிதக் குரலுக்கு இடம் இருந்தது.

தபால்காரர் கதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பம்பாய்க்கும் கேரளத்துக்கும் போன பிள்ளைகளின் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், திண்ணையில் உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுப்பதும் அவர் உத்தியோகத்தில் எழுதப்படாத பாகம். மணியார்டர் பாரத்தின் அடியில் இருக்கிற துண்டுச் சீட்டில் எழுதின இரண்டு வரியைக்கூட வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார். கெட்ட சேதி என்றால் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு ஆரம்பிப்பார். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டது. போஸ்ட்கார்டு இன்னும் 50 காசுதான், இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய்தான். வாங்கத்தான் ஆளில்லை. இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்அப் குரல் பதிவு இருக்கிறது. ஆச்சிகளுக்கு இது பெரிய விடுதலை என்பதை மறுக்க மாட்டேன். எழுத்தும் வேண்டாம், இடையில் ஆளும் வேண்டாம். பேரனிடம் தன் வாயாலேயே பேசுகிறாள். தபால்காரருக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்ட சேதியெல்லாம் இப்போது சொல்ல முடிகிறது.

ரயிலில் மட்டும் சத்தம் போகவில்லை. 1927-ல் விருதுநகர் – தென்காசிப் பாதை வந்த பிறகு கொல்லம் மெயில் இந்த வழியாகத்தான் ஓடிற்று. மீட்டர் கேஜ் பெட்டியில் ஒருத்தர் வாங்கிய வாரப் பத்திரிகை, இறங்குகிறவரை பெட்டி முழுக்கச் சுற்றும். 2004-ல் அகலப்பாதையும் பொதிகை எக்ஸ்பிரஸும் வந்தன. சென்னைக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அதில்தான் போய்வருகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் இயர்போன் இல்லாமல் வீடியோ போடுகிற ஒரு ஆள் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிவைத்தது மாதிரி இருக்கிறார். பெட்டிக்கே சேர்த்து ஒலிபரப்பு நடத்துகிற கடைசி மனிதர் அவர்தான். கேட்கத்தான் யாருக்கும் இஷ்டமில்லை.

வாசிக்கிற சத்தம் முற்றிலும் அடங்கிவிட்டதா என்றால் இல்லை. நான் எதிர்பார்க்காத இடத்தில் அது உயிரோடு இருக்கிறது. எந்தக் கிளை நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள். நாவல் அலமாரிப் பக்கம் தூசி, மேசைகளில் இடமில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2022-ல் 7301 இடங்களுக்கு முதலில் அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். நூலகத்துக்குள் பேசக் கூடாது. அதனால் சாயங்காலம் இவர்கள் வெளியே வந்து மரத்தடியிலோ மண்டபத்திலோ வட்டமாக உட்காருகிறார்கள். ஒரு பெண் கேள்வியை வாசிக்கிறாள், மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமான பிறகு திருக்குறளும் சிற்றிலக்கியமும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. காவடிச்சிந்தை எழுதியவர் யார் என்று ஒருத்தி கேட்டால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் என்று நாலு குரல் சேர்ந்து வரும். அந்தச் சிந்தில் ஒரு கண்ணியைப் பாடச் சொன்னால் வருமா என்பது வேறு விஷயம், அதற்கு மார்க் கிடையாது.

அவர்களைக் குறை சொல்கிற பெரியவர்களை எனக்குப் பிடிக்காது. தறி ஓட்டுகிறவரின் மகளும் பூக்கட்டுகிறவரின் மகனும் வேலைக்காக வாசிப்பதில் என்ன இளப்பம்? வேலை கிடைத்த பிறகு நிம்மதியாக நாவல் வாசிக்கட்டும்.

தட்டச்சுப் பயிலகம் இன்னொரு இடம். கோத்ரெஜ் கம்பெனியே 2010 வாக்கில் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் வருஷத்துக்கு இரண்டு தடவை தட்டச்சுப் பரீட்சை அதே இரும்புப் பொறிகளில் நடக்கிறது. இளநிலைக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. ஏ எஸ் டி எஃப் என்று விரல்கள் தட்டுகிற சத்தம் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும். அதே கட்டடத்தில் சுருக்கெழுத்தும் சொல்லிக் கொடுத்தால் ஒரு குரல் ஏற்ற இறக்கமில்லாமல் 80 சொல், 100 சொல், 120 சொல் வேகத்தில் வாசித்துக்கொண்டே போகும், கீழே பென்சில்கள் ஓடும். வாசிக்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கவலையும் இருக்காது. பெரும்பாலும் அது ஏதாவது பாராளுமன்றப் பேச்சு.

கதை கேட்கிற பழக்கமும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பூக்கட்டுகிற பெண்கள் யூடியூபில் பொன்னியின் செல்வனை ஒலிநூலாகக் கேட்கிறார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது இதே கதையை அவர்கள் ஆச்சிமார் திண்ணையில் கேட்டிருக்கலாம். பவா செல்லதுரை திருவண்ணாமலையில் உட்கார்ந்து கதை சொல்கிறார். அதைச் சங்கரன்கோவிலில் ஒருத்தர் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறார். குரல் நன்றாக இருக்கிறது, நிறுத்திக் கேட்கலாம், திரும்பக் கேட்கலாம். ஒரு குறைதான். “அவ ஏன் அப்படிச் செஞ்சா?” என்று கேட்க முடியாது. பக்கத்தில் இருக்கிறவளோடு சண்டை போட முடியாது, அவள் காதில் வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று பத்திரப் பதிவு அலுவலகத்துத் திண்ணையில் இருக்கிறது.

பழைய கிரையப் பத்திரங்களில் ஊர்ப் பேரே சங்கரநயினார்கோவில் தாலுகா என்றுதான் இருக்கும். பத்திரம் எழுதுகிறவர் கையால் எழுதி முடித்ததும் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் எதிரில் உட்கார வைத்து முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசிப்பார். நாலு எல்லை, கிணற்றில் பாத்தியம், வண்டிப்பாதை, மாவடை மரவடை. முற்றுப்புள்ளியே இல்லாத அந்த வாக்கியத்தை இழுத்து வாசிக்கும்போது நடுவில் ஒரு கிழவி குரல் கொடுப்பாள்: “அய்யா, நில்லுங்க. அந்த வேம்பு எங்க பக்கத்துலல்லா நிக்கி? அதையும் எழுதிட்டீங்களே.” வாசிப்பு நிற்கும். சண்டை வரும். பத்திரம் திருத்தப்படும். கடைசியில் தானே வாசித்துப் பார்த்தோ வாசிக்கச் சொல்லிக் கேட்டோ சம்மதித்ததாக எழுதி, அதன் கீழே ரேகை விழும். எழுத்துத் தெரியாத அந்தக் கிழவி தன் பத்திரத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் அறிந்திருந்தாள்.

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பதிவு அலுவலகங்கள் எல்லாம் இணைய வழிக்கு மாறின. வில்லங்கச் சான்று வீட்டிலிருந்தே எடுக்கலாம், பட்டா பார்க்கலாம். பல மாதம் அலைந்தவர்களுக்கு இது நல்ல காரியம்தான். இடையில் இருந்த கையூட்டு வழிகளில் சிலவாவது அடைந்தன. ஆனால் இப்போது பத்திரம் கணினியில் ஏற்கெனவே கிடக்கிற மாதிரியிலிருந்து பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி அச்சாகி வருகிறது. அடித்தவரும் முழுக்க வாசிப்பதில்லை. போட்டோ, விரல் ரேகை, போனுக்கு வருகிற எண். “பணம் வாங்கிட்டீங்களாம்மா?” என்று ஒரு கேள்வி. “ஆமாய்யா.” முடிந்தது.

சுய உதவிக் குழுப் பெண்கள் கடன் வாங்கும்போது டேப்லெட்டில் விரல் வைக்கிறார்கள், திரையில் பதினைந்து பக்கம் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தை மையத்துக்காரரே டிக் அடித்துவிடுகிறார். அந்தப் பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியும். எழுத்துத் தெரிந்தவர்கள் என்பதாலேயே அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ரேகை வைத்த கிழவிக்குக் கிடைத்த பாதுகாப்பு, கையெழுத்துப் போடுகிற பேத்திக்கு இல்லை.

பள்ளிக்கூடங்களில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்க வைக்கிறது. நல்லது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வருகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரம் எழுதுகிறவர்களே, இ-சேவை மையம் நடத்துகிற தம்பி தங்கைகளே, கடன் கொடுக்க வருகிற அலுவலர்களே: எதிரில் இருப்பவர் விரலை வைக்கும் முன் திரையில் இருப்பதை ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். நீங்கள் வாசிக்காவிட்டால், கையெழுத்துப் போட வந்தவர் “வாசிங்க, கேட்டுக்கிடுதேன்” என்று சொல்லட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.